உளுத்த கட்டையின் உபகாரம்

திருத்தணிக்குப் போகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். மலைமேல் இருக்கும் முருகனைத் தரிசித்துவிட்டு வருவார்கள். 2019-ஆம் வருஷம் மே மாதம் அங்கே போன நானோ, முதலில் பார்த்தது ஒரு சவலைப் பாத்தியைத்தான்!

மலையடிவாரத்தில் என் சித்தியின் வீடு இருக்கிறது. வாசலில் நின்று அண்ணாந்தால் கோபுரம் தெரியும். ரயிலில் வந்த களைப்புத் தீர ஒரு டம்ளர் மோர் குடிப்பதற்குள், சித்தி என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ பத்திரிகையிலே என்னென்னமோ எழுதறியே, இதைப் பாருடி! எனக்கு என்ன பதில் சொல்லப் போறே?" என்றாள்.

பன்னிரண்டு அடி நீளம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேட்டுப் பாத்தி. சுற்றிலும் செங்கல் அணை. அதில் அறுபது துலுக்கச் சாமந்தி நாற்றுகள். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர். அதற்கு முன்பு சித்தூர் ஜில்லா. ஆகவே தெருவில் பாதிப் பேர் இந்தப் பூவைப் 'பந்திப்பூ' என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? அறுபதும் மஞ்சள் பூத்திருந்தன. பூ அல்ல, இலை! அடி இலை வெளுத்து, தண்டு சூம்பி, மூன்று வாரத்துப் பயிர் மூன்று நாள் பட்டினி கிடந்த குழந்தைபோல நின்றது.

"பூச்செடிதானே சித்தி, போனால் வேறு நட்டால் போகிறது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சித்தியின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சித்தியின் பேரனுக்கு ஒன்றேமுக்கால் வயதாகியும் நடை வரவில்லை. டாக்டர்கள், "பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்" என்றார்கள். பாட்டி மனசு கேட்குமா? "பிள்ளை நடந்துவிட்டால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறேன், அதுவும் கடையில் வாங்கின பூ இல்லை, என் கையால் வளர்த்த பூ" என்று வேண்டிக்கொண்டாள். சித்திரை பிறந்ததும் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். முருகன் தன் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டான். சித்திதான் தன் வார்த்தையைக் காப்பாற்ற முடியாமல் தவித்தாள்.

தம்பி போட்ட திட்டம்

அந்தப் பாத்தியைப் போட்டவன் சித்தியின் பிள்ளை, என் தம்பி. சென்னையில் கம்பெனி உத்தியோகம். அந்த வருஷத்துக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, சென்னையில் குடத்தோடு அலைந்த வருஷம். வெயிலுக்குப் பேர்போன திருத்தணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் அறுபது செடிக்குத் தண்ணீருக்கு எங்கே போவது?

தம்பி ஒரு வழி கண்டுபிடித்து வந்தான். ஆஸ்திரியா தேசத்து மலைப் பண்ணை ஒன்றில் ஸெப் ஹோல்ஸர் என்கிற குடியானவர் மரக்கட்டைகளைப் புதைத்து, மேலே மண்ணை மேடாகக் குவித்துப் பயிர் செய்து பேர் வாங்கினவர். 'ஹூகல்குல்ட்டூர்' என்று அதற்கு ஒரு ஜெர்மன் பெயர். வாயில் நுழைய மறுக்கும் அந்தப் பெயருக்கு 'மேட்டுச் சாகுபடி' என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் மரம் மக்க மக்க, மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். தண்ணீர்ச் செலவு குறையும்.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறதல்லவா? தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கொல்லையில் கிளை முறித்த மாமரத்தின் பச்சைக் கட்டைகள், வாதை அடித்து முறிந்த முருங்கைக் கிளைகள், மரவாடியிலிருந்து இரண்டு மூட்டை மரத்தூள். கட்டைகளை அடியில் அடுக்கி, மண்ணோடு மரத்தூளைக் கலந்து மேலே நிரப்பி, நாற்றையும் நட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை ரயிலில் போய்விட்டான்.

பத்தாம் நாள் பாத்தியின் ஓரத்தில் ஏதோ தளதளவென்று துளிர்த்தது. சித்தி சந்தோஷத்தோடு ஓடிப் பார்த்தால், துளிர்த்தது முருங்கை! பச்சை முருங்கைக் கிளையைப் போத்தாக நட்டால் தழைக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைப் பாத்திக்குள் படுக்க வைத்தால் மட்டும் சும்மா இருக்குமா? முருங்கை துளிர்த்தது, சாமந்தி வெளுத்தது.

"ஈரம் இருக்கிறது, எருவும் போட்டோம். பின்னே ஏன் இப்படி?" என்று சித்தி கேட்டபோது, எனக்குப் பதில் தெரியவில்லை.

சோறும் குழம்பும்

பதில் தெரிந்தவர் பக்கத்து வீட்டில் இருந்தார். விவசாய இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், அவசரத்தில் இரண்டும். பாத்தியில் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மரத்தூள் புத்தம் புதிதாகச் சிவப்பாக மின்னியது.

"பச்சி கட்டெ பெட்டாரா அம்மா?" என்றார்.

"பச்சைக் கட்டைதான் வைத்தோம் ஐயா. தப்பா?"

"கட்டையாவது போகட்டும். இந்தத் தூளை மண்ணிலே கலந்தீர்களே, அதுதான் உங்கள் செடி வாயிலே இருந்த சோற்றைப் பிடுங்கிவிட்டது."

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு விளக்கியதை, வாசகிகளுக்காக என் பாஷையில் தருகிறேன்.

மரத்தை மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் காளான் இழைகளும். அவற்றுக்கு இரண்டு பண்டம் வேண்டும். ஒன்று கார்பன் என்கிற கரிச்சத்து. மற்றொன்று நைட்ரஜன் என்கிற தழைச்சத்து. கரிச்சத்தைச் சோறு என்றும் தழைச்சத்தைக் குழம்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து, முப்பது பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு குழம்பு இருந்தால் அவற்றின் பந்தி ஒழுங்காக நடக்கும். பசுஞ்சாணத்தில் ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று, நல்ல சாப்பாடு. கடலைப் பிண்ணாக்கில் பத்துக்கு ஒன்றுக்கும் குறைவு, குழம்பு ததும்பும். ஆனால் பச்சை மரத்தூளில் முந்நூறு, நானூறு பங்கு சோற்றுக்கு ஒரே ஒரு பங்கு குழம்பு!

குழம்பில்லாமல் மலைபோல் சோற்றைக் கொட்டினால் விருந்தாளிகள் என்ன செய்வார்கள்? அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குள் புகுவார்கள். அப்படித்தான் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையெல்லாம் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிஞ்சுவதில்லை. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலைதான் வெளுக்கும். ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதிய இலைக்கு அனுப்புகிறது. தாய் தன் பங்கைக் குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி.

"அப்படியானால் அந்தச் சத்துப் போனது போனதுதானா?" என்று கேட்டேன்.

"எங்கே போகும் தல்லி? மண்ணிலேதான் இருக்கும். மரம் மக்கி முடிந்ததும் அந்தப் பூச்சியெல்லாம் செத்து, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும். கடன்தான், களவு இல்லை. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குள்ளே கடன் வசூல் ஆகாது!"

மூலையில் கிடந்தது

சித்தியின் முகம் வாடிவிட்டது. பெரியவரோ எழுந்து கொல்லை முழுவதும் நடந்தார். கிணற்றடிக்கு அப்பால் வேலி மூலையில், செடி கொடி மூடிக் கிடந்த ஒன்றைக் கைத்தடியால் குத்தினார். தடி பொதக்கென்று உள்ளே போயிற்று.

அது ஒரு ஒதிய மரம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையருகே கரை கடந்து, சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களிலும் மரங்களைச் சாய்த்துப் போட்டதே வர்தா புயல், அதில் விழுந்தது. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பது பழமொழி. விறகுக்குக்கூட லாயக்கில்லை என்று யாரும் எடுத்துப் போகவில்லை. இரண்டரை வருஷமாக வெயிலும் மழையும் பட்டு அங்கேயே கிடந்தது. "இந்தச் சனியனை எடுத்துப் போடுங்கள்" என்று சித்தி சித்தப்பாவிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சித்தப்பாவின் சோம்பேறித்தனம் வாழ்க!

பெரியவர் ஒரு துண்டைக் கையாலேயே பிட்டு எடுத்தார். அவல் உதிர்வதுபோல் உதிர்ந்தது. பழுப்பு நிறம், புது மழை பெய்த மண்ணின் வாசனை. உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தார். அந்த அக்கினி நட்சத்திர வெயிலிலும் விரலிடுக்கில் ஈரம் கசிந்தது!

"இது தன் கடனையெல்லாம் எப்போதோ அடைத்துவிட்ட கட்டை, அம்மா. இனிமேல் கொடுக்கிற கட்டை" என்றார்.

துண்டுகளைப் பாத்தியில் போடுமுன் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்கச் சொன்னார். தென்னைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கிய தென்னை மரத்திலும் எருக்குழியிலும் இதுபோன்ற உளுத்த கட்டைகளிலும்தான். வெள்ளையாக, கொழுகொழுவென்று, வளைந்து படுத்திருக்கும் புழுவைக் கண்டால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்செடிக்கு உதவப் போய் அடுத்த வீட்டுத் தென்னையைக் கெடுத்த கதையாகும். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைச் சீமைத் தென்னந்தோப்புகளை வீழ்த்திய பிறகு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவது பெரிய கவலையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் ஒதியில் நான்கு புழுக்கள் அகப்பட்டன. அவற்றைக் கோழிகள் கவனித்துக்கொண்டன.

அன்று சாயங்காலமே வேலை ஆரம்பமாயிற்று. செடிகளுக்கு நடுவே மரத்தூள் கலந்த மேல் மண்ணை நாலு விரற்கடை ஆழம் வேர் அறாமல் வழித்தோம். உதிர்ந்த ஒதித் தூளும் மக்கிய சாண எருவும் சரிபாதி கலந்து அந்த இடத்தில் இட்டோம். வழித்த மண்ணைத் தூக்கி எறியவில்லை, மாமரத்தடியில் பரப்பினோம். முருங்கைப் போத்தைப் பிடுங்கி வேலியோரம் நட்டோம். ஒரு படி கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, கரைத்து, ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விளாவி, வாரம் ஒரு தடவை செடிக்கு அரை டம்ளர் வீதம் ஊற்ற வேண்டியது. மூன்றாம் நாள் அந்தப் பாத்திரத்தைத் திறந்தபோது வந்த வாசனையைப் பற்றி எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்!

பச்சையா, மக்கியதா?

கொல்லையோ தோட்டமோ உள்ள சகோதரிகள் இதைச் செய்து பார்க்க விரும்பினால், பெரியவர் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

மரம் மக்கியிருக்கிறதா என்று அறிவது சுலபம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். பிட்டால் உதிர வேண்டும். காய்ந்த துண்டு தூக்கினால் லேசாக இருக்க வேண்டும். மண் வாசனை வர வேண்டும். இப்படிப்பட்டதை வேரின் பக்கத்திலேயே தாராளமாக வைக்கலாம். ஆனால் அதில் உரச்சத்து அதிகம் என்று நினைக்காதீர்கள். அதன் வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதும். சாப்பாடு போட எரு வேண்டும்.

பச்சை மரத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பெரிய கட்டை கெடுதல் குறைவு, தூள்தான் பொல்லாதது. கட்டையின் மேல்தோல் மட்டுமே மண்ணைத் தொடும். ஆகவே கடனும் சிறுகச் சிறுகத்தான் கேட்கும். தூளோ ஒரே நாளில் எல்லாப் பக்கமும் கை நீட்டும். பச்சைக் கட்டையை ஒன்றரை அடிக்குக் கீழே வைத்து, அதன்மேல் சாணக் கரைசல் தெளித்த சருகு, அப்புறம் மண்ணும் எருவும் என்று அடுக்கலாம். முதல் போகம் கொத்தவரை, அவரை, தட்டைப்பயறு போடுங்கள். இவற்றின் வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுப்பதால், மற்றப் பயிர்களைப்போல மண்ணையே நம்பி நிற்பதில்லை. முருங்கை, பூவரசு, ஒதி போன்ற போத்து மரங்களை மட்டும் நன்றாகக் காய வைத்த பிறகே புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கதைதான்.

மரத்தூள் நிறைய அகப்பட்டால், மண்ணோடு கலக்காமல் செடியைச் சுற்றி மேலே மூடாக்காகப் பரப்புங்கள். அங்கே அது மண்ணைத் தொடுவது மெல்லிய ஒரு படிவத்தில்தான். கடன் தொல்லை குறைவு, வெயிலுக்கும் குடை.

வர்ணம் பூசிய பழைய கதவு, ஜன்னல், பிளைவுட் பலகை, பூச்சி மருந்து ஏற்றிய மரம் இவை சாப்பிடும் பயிர் உள்ள பாத்திக்கு ஆகவே ஆகாது. மரம் புதைத்த பாத்தி வீட்டுச் சுவரையொட்டி இருப்பதும் கூடாது. குளிர் தேசத்தில் மரம் மெதுவாக மக்குகிறது. அவர்களுக்குக் கறையான் கவலையும் அவ்வளவாக இல்லை. நம் ஊர்க் கறையான், பாத்தியில் விருந்து முடிந்ததும் நேரே உங்கள் வாசல் நிலைக்கு வந்துவிடும்!

மரமே கிடைக்காதவர்களுக்குத் தேங்காய் மட்டை இருக்கவே இருக்கிறது. தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கி மண் மூடுவது நம்மவர்கள் அறிந்த முறைதான். ஒரு தரம் புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருஷம் ஈரம் காக்கும். கயிறு திரிக்கும் இடங்களில் குவியும் தென்னை நார்க்கழிவும் பச்சையாகப் போட்டால் மரத்தூளைப்போலத்தான். அதில் சோறு 112 பங்கு, குழம்பு ஒன்று. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்க வைத்து, அதை 24-க்கு ஒன்றாகக் குறைக்கும் வழியைச் சொல்லியிருக்கிறார்கள். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் கனமான மரக்கட்டைகளை மாடிக்கு ஏற்றாமல், இந்த மக்கிய நார்க்கழிவை வாங்கிக்கொள்வதே உத்தமம்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். பாத்திக்காக நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள். ஜப்பானில் மசானபு ஃபுகுவோகா என்கிற பெரியவர் தம் மலைத்தோட்டத்து மண்ணை வளமாக்க மரங்களைப் புதைத்துப் பார்த்தார். பலன் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதற்காக மரங்களை வெட்டிச் சுமப்பதைவிட, தோட்டத்திலேயே மரங்களை வளர்ப்பது மேல் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். விழுந்ததைப் புதைப்போம்; நிற்பதை நிற்க விடுவோம்.

ஆடிக் கிருத்திகை

ஜூலைக் கடைசியில் மறுபடியும் திருத்தணிக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்தே காவடிக் கூட்டம். பம்பை முழக்கம், மஞ்சள் வேஷ்டி, எங்கே திரும்பினாலும் "அரோகரா!" சரவணப் பொய்கைக் கரையில் எள் போட்டால் எள் விழாது. நான் நேரே சித்தி வீட்டுக் கொல்லைக்குத்தான் ஓடினேன்.

அறுபது செடியில் பத்தொன்பது போய்விட்டிருந்தன. நாற்பத்தொன்று பிழைத்தன. வைத்தியம் ஆரம்பித்த பத்தாம் நாள் புது இலை பச்சையாக வந்ததாம். ஒருநாள் விட்டு ஒருநாள், அரிசி களைந்த தண்ணீர்தான் பாதிப் பாசனம். கிணற்றில் அடித்தளம் தெரிந்த ஜூன் மாதத்திலும் பாத்தியில் விரலை விட்டால் உள்ளே குளுகுளுவென்று இருந்ததாம். விடியற்காலையில் சித்தி பறித்து வைத்த பூக்கள், ஆரஞ்சும் மஞ்சளுமாக இரண்டு முறத்தில் குவிந்திருந்தன.

காவடிக்கு அது பாதிதான் காணும். மீதியைச் சித்தப்பா கடைத்தெருவில் வாங்கி வந்தார்.

"உன் வேண்டுதலில் கடைப் பூ கூடாது என்றல்லவா இருந்தது?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"முதுகிலே நம்ம பூ, முன்னாலே கடைப் பூ. முருகன் கணக்குப் பிள்ளையா என்ன, எண்ணிப் பார்க்க?" என்றாள் சித்தி.

வருஷத்தின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லும் 365 படிகள் அந்த மலைக்கு. பேரன் அன்று சித்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு எத்தனை படி ஏறினான் தெரியுமா? பதினொன்று! பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "தூக்கு" என்று கையை நீட்டிவிட்டான். மிச்சப் படிகளைத் தம்பியின் தோளில் கடந்தான்.

அடியில் போட்ட மாங்கட்டைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் கழித்துச் சித்தி பாத்தியைக் கிளறியபோது அவையும் பிட்டால் உதிரும் பதத்துக்கு வந்திருந்தன. பெரியவர் சொன்னபடி கடன் திரும்பிவிட்டது. அந்தப் பாத்தியில் பிறகு போட்ட சிறுகீரையைக் கட்டுக் கட்டாகத் தெருவுக்கே பங்கிட்டாள்.

இப்போது சித்தி வீட்டு வேலி மூலையில் விழுந்த கிளைகளெல்லாம் குவிந்து கிடக்கின்றன. சித்தப்பா அதில் ஒரு குச்சியை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தால் போதும், "ஐயையோ, அது போன வருஷத்துக் கட்டை! இன்னும் ஒரு மழை கண்டால் பதமாகிவிடும், வையுங்கள் கீழே!" என்று சித்தி சமையலறையிலிருந்தே கத்துகிறாள்.